கடலுக்குச் சளி பிடித்த வருஷம்

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்தில் ஒரே தப்பைச் செய்வார்கள். ‘பாட்டில் அண்ணன்’ என்ற பெயரைக் கேட்டதும், ஆள் தண்ணி போடுகிறவர் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, பக்கத்தில் போய் நைசாக மோந்து பார்ப்பார்கள். அவரிடமிருந்து வருவது சோப்பு வாசனையும் அமில நெடியும்தான். கடல்நீர் மாதிரிகள் சேகரிக்கும் கண்ணாடி பாட்டில்களைக் கழுவுவது அவர் வேலை. முதலில் சோப்பு, பிறகு ஒரு நாள் முழுக்க அமிலத் தொட்டி, அப்புறம் வாலைவடி நீரில் மூன்று அலசல். விரல் ரேகை ஒன்று ஒட்டியிருந்தாலும் பரிசோதனை பாழ். அவர் கழுவிய பாட்டிலை யாரும் இரண்டாவது தடவை கழுவியதில்லை.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. தாழ்வாரத்தின் கடைசியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதற்குள் ரப்பர் சுற்றிய நீண்ட உருளைகள். அவற்றின் மேல் கடல்நீர் நிரப்பிய பெரிய பாட்டில்கள் படுத்தபடி மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். பாட்டிலை நிறுத்தி வைத்தால் தண்ணீரில் இருக்கும் தூசு ஒரு மணி நேரத்தில் அடியில் படிந்துவிடும். ஆழ்கடலில் அப்படி இல்லை, ஒரு துணுக்கு தரைக்குப் போய்ச் சேர நாள்கணக்கில் ஆகும். அதனால் பாட்டிலைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே விழுவது விழுந்துகொண்டே இருக்கும், தரை வரவே வராது.

உருளையின் பட்டை நழுவியிருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்ப்பது பாட்டில் அண்ணன் பொறுப்பு. போவார், பட்டையை மட்டும் பார்ப்பார், வந்துவிடுவார். பாட்டிலுக்குள் என்ன நடக்கிறதென்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த அறையில் உருளைகளுக்கு முதுகு காட்டியும் நிற்கமாட்டார், பின்பக்கமாகவே நடந்து வெளியேறுவார்.

“என்னண்ணே, பேய் பயமா?” என்று பொருட்கிடங்குக்காரர் ஒரு தடவை கேட்டார்.

“பேய்னா பரவாயில்லையே, வேப்பிலை அடிச்சா போயிடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவர் துறைமுகத்தில் படகுக்காரர். அந்த வருஷம் நங்கூரம் அறுந்த எண்ணெய்க் கப்பலொன்று திட்டில் ஏறிப் பிளந்தது. கறுப்புப் பாய் விரித்த மாதிரி கடல் முழுக்க எண்ணெய். படகுகளையெல்லாம் கூப்பிட்டுப் பீப்பாய் பீப்பாயாக ஒரு மருந்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். அவர்தான் முதல் படகு. முதுகில் தெளிப்பான், மூக்கில் துணி. மருந்து பட்ட இடத்தில் எண்ணெய் பால் கலந்த காப்பி மாதிரி கலங்கி, சின்னச் சின்னச் சொட்டாக உடைந்து காணாமல் போகும். ஒன்பதாம் நாள் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. கப்பல் கம்பெனி, மருந்தடித்த ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்தது. ஆளுக்கொரு சான்றிதழ், ஒரு தொப்பி. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் ஏதோ பெரிதாகச் செய்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. தொப்பியை வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொண்டு திரிந்தார்.

அவருடைய ஒரே தங்கையின் புருஷன் முத்துக்குளிப்பவன் மாதிரி கடலுக்குள் முங்குவான், ஆனால் எடுப்பது முத்தல்ல. கப்பல்களைக் கட்டிப்போடும் சங்கிலிகளைத் தண்ணீருக்கடியில் போய்ச் சோதிப்பவன். மற்ற நாட்களில் மட்டி பொறுக்குவான். ஒல்லியான ஆள், வாய் மட்டும் ஓயாது. “தண்ணிக்குள்ள பேச முடியாதுல்ல மச்சான், அந்தப் பாக்கியெல்லாம் மேல வந்துதான் தீத்துக்கணும்” என்பான். அவன் முங்கும்போது படகிலிருந்து காற்றுக் குழாயைப் பிடித்துக்கொள்வது அண்ணன்தான். குழாயோடு சேர்த்துக் கட்டிய கயிறு ஒன்று. ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் மேலே தூக்கு.

கடல் சுத்தமாகி மூன்றாவது வாரம். டீக்கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஈரத் தலையோடு வந்தான்.

“கீழ என்னவோ சரியில்ல மச்சான். மேல இருந்து என்னமோ விழுந்துக்கிட்டே இருக்கு. பழுப்பா, பஞ்சு பஞ்சா. கையில புடிச்சா கொழகொழன்னு நூலாட்டம் நீளுது. தரையே தெரியல.”

“என்னப்பா, கீழ மழையா?” என்றார் கடைக்காரர்.

“மழை இல்லண்ணே. கடலுக்குச் சளி புடிச்சிருக்கு.”

கடையே சிரித்தது. ஒருவர் மூக்கைச் சிந்திக் காட்டினார். இன்னொருவர், “கஷாயம் வெச்சு ஊத்திடுவோமா?” என்றார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அண்ணன்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் இருந்தது. தொப்பி போட்டிருந்த தலையல்லவா.

“எண்ணெயெல்லாம் கரைஞ்சு போச்சு மாப்ள. நானே அடிச்சேன், நானே பாத்தேன். உனக்குக் கண்ணுல பூ விழுந்திருக்கும்.”

“சத்தியமா மச்சான். எண்ணெய் வாசம்கூட வருது.”

“அப்போ ஒரு பாட்டில்ல புடிச்சுட்டு வா. பாத்துட்டு நம்புறேன்.”

அவ்வளவுதான் சொன்னார். விளையாட்டாகச் சொன்னதுதான்.

மறுநாள் சங்கிலி வேலை. மாப்பிள்ளை இடுப்புப் பையில் அகலவாய்க் கண்ணாடி பாட்டில் ஒன்றைச் செருகியிருந்தான். காப்பித்தூள் வாசனை இன்னும் அதில் இருந்தது. “மச்சானுக்குப் பரிசு கொண்டு வர்றேன்” என்று கண்ணடித்துவிட்டு முங்கினான். வெயில் நல்ல வெயில், அலையே இல்லை. இருபது நிமிஷம் எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்புறம் கயிற்றில் இரண்டு இழுப்பு. அண்ணன் கயிறு விட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு இழுப்பு.

முதல் இரண்டும் கயிறு விடச் சொல்லி, இந்த ஒன்று நலம் என்று சொல்லவா? அல்லது மூன்றா? முடியாமல், இடைவெளி விட்டு இழுத்த மூன்றா? அவர் காத்திருந்தார். பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருப்பான், மெல்ல வரட்டும் என்று நினைத்தார். அந்த நினைப்பு எவ்வளவு நேரம் ஓடியது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. இழுத்தபோது குழாய் வரவில்லை. பக்கத்துப் படகிலிருந்து இன்னொரு முங்காளி குதித்து, மாப்பிள்ளையை மேலே கொண்டுவர அரை மணி ஆயிற்று. எதிரே எதுவும் தெரியாத கலங்கலில் குழாய் சங்கிலியோடு சுற்றிக்கொண்டிருந்தது. இடுப்புப் பையில் பாட்டில் இருந்தது. மூடி இறுக்கித் திருகியிருந்தது.

அதிகாரிகள் வருவதற்குள் அண்ணன் அந்தப் பாட்டிலை எடுத்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏன் எடுத்தார் என்று கேட்டால் அப்போது அவருக்கே தெரிந்திருக்காது. விபத்து என்று எழுதினார்கள். அவரும் கையெழுத்துப் போட்டார்.

வருஷம் திரும்புவதற்குள் தங்கை ஒரே ஒரு தடவை கேட்டாள். “அண்ணா, அன்னைக்கு அவர் காப்பித்தூள் பாட்டிலை எதுக்கு எடுத்துட்டுப் போனார்? உனக்கு ஏதாவது தெரியுமா?”

“தெரியாதும்மா” என்றார்.

அதற்குப் பிறகு அவரால் படகு ஓட்ட முடியவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால் இடது கையில் இரண்டு இழுப்பு வரும். சட்டென்று திரும்பிப் பார்ப்பார், யாரும் இருக்கமாட்டார்கள். மூன்றாவதுக்காக உடம்பு காத்திருக்கும். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் தூசு மிதந்தால் எழுந்து போய்விடுவார். பால் திரிந்தால் பாத்திரத்தோடு வெளியே கொட்டிவிடுவார். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை ஒரு பார்வையிலேயே அனுப்பிவைத்தார். பாட்டிலை ஒரு பழைய துணியில் சுற்றி, தேதி எழுதிய தாளோடு தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். வெளியே எடுத்துப் பார்த்ததில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. கடல் ஆய்வுக்கூடத்தில் கழுவும் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தபோது, யாராவது ஒருவரிடம் அதைக் கொடுத்துக் கேட்டுவிடலாம் என்றுதான் நினைத்து வந்தார். நினைப்பு நினைப்பாகவே பத்து வருஷம் ஓடிவிட்டது.

போன வருஷம் ஓர் ஆய்வாளர் வந்து சேர்ந்தாள். முப்பது வயதிருக்கும், கைவிரல் எப்போதும் நீலச் சாயத்தில் நனைந்திருக்கும். அவளுக்கு உதவியாளர் கிடையாது, அதனால் எல்லாவற்றுக்கும் ‘அண்ணே, அண்ணே’ என்று இவரைத்தான் கூப்பிடுவாள். ஒரு நாள் உருளை அறையில் மூன்று பாட்டில்களைப் போட்டாள். ஒன்றில் வெறும் கடல்நீர், இரண்டாவதில் கொஞ்சம் எண்ணெய், மூன்றாவதில் எண்ணெயும் அந்த மருந்தும். நாலாம் நாள் காலையில் வாசலில் நின்று கத்தினாள்.

“அண்ணே, ஓடி வாங்க! இதப் பாருங்க!”

பட்டைதான் அறுந்துவிட்டதென்று நினைத்து அவர் ஓடினார். அவள் டார்ச் வெளிச்சத்தைப் பாட்டில்மேல் அடித்துப் பிடித்திருந்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. மூன்றாவது பாட்டிலுக்குள் பழுப்பாக, பஞ்சு பஞ்சாக, நூல் நூலாக ஏதோ விழுந்துகொண்டே இருந்தது. தரை வரவில்லை. விழுந்துகொண்டே இருந்தது.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா இது?”

“கடல் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல இருக்குல்ல, அதுங்க உடம்பைச் சுத்தி ஒரு கொழகொழப்பு விடும். ஜெல்லு மாதிரி. சும்மா பாத்தா தெரியாது, கண்ணாடி மாதிரி இருக்கும். நான் நீலச் சாயம் போட்டுத்தான் பாக்குறேன். எண்ணெய்ச் சொட்டு, தூசி, பிளாஸ்டிக் துணுக்கு, எது பக்கத்துல வந்தாலும் அதுல ஒட்டிக்கும். ஒட்டி ஒட்டிக் கனம் ஏறினதும் கீழ போயிடும்.”

“எண்ணெய் கரைஞ்சு போறதில்லையா?”

“கொஞ்சத்தை அதுங்க தின்னுடும் அண்ணே, அது உண்மை. மிச்சம் கீழதான் போகும்.”

“மருந்து அடிச்சா?”

“எண்ணெய் பொடிச் சொட்டா உடையும். அதுங்களுக்கு அது ஆபத்து. இன்னும் அதிகமா கொழகொழப்பு விடும். நம்ம பாட்டில்லயே பாருங்க, மருந்து போட்டதுலதான் எவ்ளோ விழுது.”

அன்று அவர் கழுவிய பாட்டில்களில் இரண்டை அவள் திருப்பி அனுப்பினாள். அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரம் கழித்து, துணி சுற்றிய பாட்டிலை அவள் மேஜைமேல் வைத்தார். மேலே தெளிந்த தண்ணீர். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்பு வண்டல். தெரிந்தவர் ஒருவர் கொடுத்தார் என்றார். அவள் தேதியைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு துளி வண்டலைக் கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாயம் விட்டாள். புறஊதா விளக்கைப் போட்டாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“பாதி அழுகிப் போயிருக்கு. ஆனா எண்ணெய் அப்படியே இருக்கு, இந்த விளக்குல பளபளன்னு ஒளிருது. அதே கப்பல் எண்ணெய்தானான்னு ஒரு மாசத்துல சொல்லிடலாம்.” குரல் தாழ்ந்தது. “அண்ணே, அந்த வாரங்கள்ல கீழேர்ந்து ஒருத்தரும் மாதிரி எடுக்கல. எங்கயுமே இல்ல. இது ஒண்ணுதான் இருக்கு. யார் எடுத்தாங்க?”

அப்போதுதான் அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். டீக்கடையை, தொப்பியை, இரண்டும் ஒன்றுமான இழுப்புகளை. அவள் குறிப்புநோட்டை மூடிவிட்டுக் கேட்டாள்.

“அவர் பேரை எழுதணும்ணே. எழுதலாமா?”

“தங்கச்சியைக் கேட்டுட்டு வர்றேன்” என்றார்.

தங்கை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். படுக்கை விரிப்புகளை ஆவி உருளையில் விட்டு இழுத்து மடிப்பது. சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஈர விரிப்புகள் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். அவள் திறந்த டிபன் டப்பா திறந்தபடியே இருந்தது.

“மூணா?” என்றாள்.

“தெரியலம்மா. இன்னைக்கு வரைக்கும் தெரியல.”

“நீ சொன்னதாலதான் போனாரா?”

“ஆமா.”

அவள் டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு மூன்று தடவை அழுத்தினாள்.

“அன்னைக்கு நான் எழுந்தப்போ காப்பித்தூளை எவர்சில்வர் கிண்ணத்துல கொட்டி, மேல பேப்பரை மூடி வெச்சிருந்தார். நல்ல பாட்டில், எங்க கொண்டு போய்த் தொலைச்சாரோன்னு சுவத்தைப் பாத்துத் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான் திட்டினதாலதான் அப்படி ஆச்சுன்னு பதினொரு வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன் அண்ணா. ஒரு நாள் விடாம.”

அவர் தரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

“கயித்தை நீ தப்பாப் புரிஞ்சிருக்கலாம். அது ஒரு நிமிஷம். ஆனா நான் கேட்டேன். என் வாயால கேட்டேன். தெரியாதுன்னு சொன்ன பாரு, அதுக்கு நான் என்ன பண்றது?”

மணி அடித்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். போகும்போது திரும்பாமலே சொன்னாள். “அந்தப் பாட்டிலை நான் பாக்கணும்.”

அடுத்த நாளே ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். ஆய்வாளர் நுண்ணோக்கியைச் சரிசெய்து கொடுத்தாள். நீல வலைத்துணி கிழிந்து தொங்குகிற மாதிரி, அதன் கண்ணிகளில் தேன் நிறத்தில் சொட்டுகள். தங்கை கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

“இதுக்குள்ளதான் அவர் இருந்தாரா?”

“ஆமாக்கா.”

“எதுக்கு இப்படிப் பண்ணுது அதுங்க?”

“தன்னைக் காப்பாத்திக்கத்தான்கா. அதுங்களுக்கு அது போர்வை மாதிரி. விஷம் நேரா மேல படாம தடுக்கும்.”

தங்கை நிமிர்ந்து, கதவருகே நின்ற அண்ணனைப் பார்த்தாள். கோபமா என்ன என்று அந்தப் பார்வையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

“பேரை எழுதிக்குங்க. நான் கையெழுத்துப் போடுறேன்” என்றாள் ஆய்வாளரிடம். பிறகு அவரிடம், “ஆனா முதல்ல ஒண்ணு செய். அன்னைக்குச் சிரிச்சவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், அவர் பொய் சொல்லலன்னு சொல்லு. நானும் வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கிளம்பினார்கள். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. கஷாயம் வைக்கச் சொன்னவர் செத்துப் போயிருந்தார். அவர் மனைவி வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, “பாவம்” என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. பழைய கடைக்காரர் மகன் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தார். “தினம் நூறு தடவை சிரிப்போம் தம்பி, எது எதுக்குன்னு ஞாபகம் வெச்சுக்கிறது?” என்றார். மூக்கைச் சிந்திக் காட்டியவருக்கு மட்டும் நினைவிருந்தது. அவர் தங்கையின் முகத்தைப் பார்க்காமல், கடைக்குப் போகவேண்டும் என்று சொல்லி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

கடைசியாக, மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த முங்காளி. அவர் சிரித்தவரில்லை, ஆனாலும் தங்கை அவரையும் பார்க்கவேண்டும் என்றாள். மூச்சுத் தொந்தரவில் தொழிலை விட்டுவிட்டு, பழுது பார்க்கும் பட்டறையில் உட்கார்ந்திருந்தார். முழுக்கதையும் கேட்டுவிட்டு, கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

“நானும் பாத்தேன்” என்றார்.

“என்னத்தை?”

“அதைத்தான். ஈரப் பஞ்சுக்குள்ள நீந்துற மாதிரி இருந்துச்சு. என் கையே எனக்குத் தெரியல. கண்ணாடில அப்பிக்கிச்சு. தடவித் தடவித்தான் அவனைக் கண்டுபிடிச்சேன். முந்தின வாரமே நான் பாத்துட்டேன்மா. யார்கிட்டயும் சொல்லல. சிரிப்பாங்களேன்னு விட்டுட்டேன். நானும் சொல்லியிருந்தா ரெண்டு பேர் சொன்னதா ஆயிருக்கும்.”

தங்கை அவருக்குக் கைகூப்பிவிட்டு நடந்தாள். பஸ் நிறுத்தம் வரை அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் ஏறி முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாசம் அவர் போன் செய்தால் எடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், ‘அண்ணா’ என்று மட்டும் கூப்பிடவில்லை.

எண்ணெய் அதே கப்பல் எண்ணெய்தான் என்று முடிவு வந்தது. சங்கிலி இருந்த இடத்தில் அடிமண்ணைத் தோண்டிப் பார்க்க ஆய்வாளர் ஒரு படகு ஏற்பாடு செய்தாள். பாட்டில் அண்ணன் வரமாட்டேன் என்றார். தங்கை, தான் வருவதாகச் சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டதும் அவரும் வந்தார்.

கடலுக்கு நடுவே தங்கை வருவது அதுவே முதல் தடவை. நீளக் குழாயை இறக்கி மண்ணில் குத்தி மேலே இழுத்தார்கள். படகுத் தட்டில் கிடத்தி நெடுக்காகப் பிளந்தார்கள். மேலே ஒரு விரற்கடைக்குச் சாம்பல் நிறச் சேறு. அதற்குக் கீழே, கத்தியால் கோடு போட்ட மாதிரி ஒரு பழுப்புப் பட்டை. அதற்கும் கீழே மறுபடி சாம்பல். பிளந்ததுமே வாசனை வந்தது. பதினொரு வருஷம் ஆகியும் அந்த வாசனை. பாட்டில் அண்ணன் தன்னையறியாமல் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டார்.

“மேல இருக்கிறது அதுக்கப்புறம் படிஞ்ச சேறு” என்றாள் ஆய்வாளர். “இந்தப் பட்டைதான் அந்த வருஷம்.”

“இது எவ்ளோ தூரத்துக்கு இருக்கும்?” என்றாள் தங்கை.

“தெரியலக்கா. இனிமேதான் பாக்கணும். மட்டி எடுக்கிறதை இந்தப் பக்கம் நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கோம்.”

தங்கை குனிந்து அந்தப் பட்டையைப் பார்த்தாள். தொடவில்லை. பிறகு படகின் விளிம்புக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. சின்ன மீன்கள் கூட்டமாகத் திரும்பும்போது பளிச்சிட்டன. எண்ணெய் ஒரு பொட்டுக்கூட இல்லை.

“எவ்ளோ சுத்தமா இருக்கு” என்றாள்.

பக்கத்தில் நின்ற அண்ணன் தட்டில் கிடந்த பழுப்புப் பட்டையைத் திரும்பிப் பார்த்தார். படகுக்காரர் இயந்திரத்தை முடுக்கினார்.